கரையில் நிற்பவரின் ஹக்கு

 

துபாயில் குடும்பத்துடன் வாழும் சகோதரி ஒருவர் நீண்ட மடல் ஒன்று வரைந்துள்ளார். மூத்த மகனுக்குப் பதினாறு வயது. உம்மு ஸுகைம் பகுதியிலுள்ள ‘கைட் பீச்’ என்னும் கடற்கரைக்கு விடுமுறை நாட்களில் குடும்பமாகப் போய்வருவது அவர்கள் வழக்கம். வானில் பெரும் பட்டத்தைப் பறக்கவிட்டு, அதன் இழுவையில் பலகைமீது நின்று கடலைக் கிழித்துச் செல்லும் இளைஞர்களைப் பார்த்துப் பார்த்து, தானும் அதைக் கற்றே ஆகவேண்டும் என்று மகன் பிடிவாதம் செய்கிறானாம். தந்தைக்கு விருப்பமில்லை, தாய்க்கு இரண்டு மனம். இது மார்க்கத்தில் ஆகுமா, உயிருக்கு ஆபத்தில்லையா என்று கேட்டுவிட்டு, மடலின் கடைசியில், ஏதோ நினைவு வந்தாற்போல் இன்னொன்றும் கேட்கிறார்: தம் இளைய பிள்ளைகள் மணல்வீடு கட்டி விளையாடுவது போன்ற கூட்டமான கரையிலேயே இதைக் கற்றுக்கொடுக்கலாமா? எனக்கோ அதுதான் முதற்கேள்வியாகப் படுகிறது.

முன்னிரண்டுக்கும் சுருக்கமாக விடை சொல்லிவிடலாம். உடலுக்கு வலுவூட்டும் விளையாட்டை மார்க்கம் வெறுக்கவில்லை. நீச்சலையும் குதிரையேற்றத்தையும் வில்வித்தையையும் நம் முன்னோர் பிள்ளைகளுக்கு விரும்பிக் கற்பித்தார்கள். தொழுகை தவறாமலும் உடை வரம்பு மீறாமலும் இருக்கும்வரை கைட் சர்ஃபிங்கை மட்டும் விலக்கி வைக்கக் காரணம் ஏதுமில்லை. ஆபத்து உண்டா என்றால், உண்டு. முறையாகக் கற்பவருக்கு அது பெருமளவு குறையும். தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்ளக்கூடாது என்னும் கட்டளை, முறைதவறிக் கற்பவனைத்தான் எச்சரிக்கிறது என்பது என் கருத்து.

இவ்விளையாட்டு பழையதன்று. பிரான்ஸ் நாட்டின் லெகெய்னூ சகோதரர்கள் இருவர், நீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழக்கூடிய காற்றடைத்த பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரினார்கள். 1990களின் பிற்பகுதியில்தான் அது கடைகளுக்கு வந்தது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் நகரக் கடலில், முதன்முறையாகப் பதக்க விளையாட்டாகவும் ஆயிற்று. பிள்ளைகளின் கண் அதன்மேல் விழுந்ததில் வியப்பில்லை.

பட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மொட்டைமாடிக் காகிதப் பட்டம். அந்தப் பட்டத்தின் மாஞ்சா நூலே வீதியில் செல்வோரின் கழுத்தை அறுத்து உயிர் பறித்த செய்திகளைச் சென்னையில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! இதுவோ ஒன்பது, பன்னிரண்டு சதுர மீட்டர் பரப்புள்ளது. ஒரு சிற்றறையின் தரையளவு துணி. அதிலிருந்து நான்கு கயிறுகள் இறங்கி ஓட்டுபவரின் கையிலுள்ள தண்டில் சேர்கின்றன. ஒவ்வொரு கயிறும் இருபது முதல் இருபத்தைந்து மீட்டர் நீளம். ஏழெட்டு மாடிக் கட்டடத்தின் உயரம் என்று கொள்ளுங்கள். சணலைவிட மெல்லியதாகத் தோன்றினும், ஆள் இருவரைத் தாங்கும் வலுவுள்ள செயற்கை இழையால் ஆனது. இழுவிசையில் விறைத்து நிற்கும்போது அது கயிறாக இராது, கத்தியாகிவிடும்.

காற்றின் கணக்கு ஒன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. இதமாக இழுத்துக்கொண்டிருந்த பட்டம், திடீரென்று ஒரு வீச்சு வந்தால், ஆளையே தூக்கி எறியும் பட்டமாக மாறுவது இதனால்தான். கருமேகம் திரண்டு மழைக்கு முன்பான சூறை வீசும் நேரத்தில் தேர்ந்தவர்களும்கூடப் பட்டத்தை இறக்கிவிடுவார்கள்.

இனிக் கற்றுக்கொள்பவனின் நிலையைப் பாருங்கள். கையிலுள்ள தண்டைத் தன்பக்கம் இழுத்தால் பட்டத்தின் பலம் கூடும்; விட்டால் குறையும். ஆனால், பயந்த மனிதன் என்ன செய்வான்? கையில் அகப்பட்டதை இறுகப் பற்றித் தன்னோடு இழுத்துக்கொள்வான். வழுக்கும் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றுவதுபோல, அது இறைவன் நம் உடலில் வைத்த இயல்பு. அந்த இயல்பே இங்கே பகையாகிறது. அச்சம் கூடக் கூடப் பிடி இறுகும். பிடி இறுக இறுகப் பட்டம் மேலும் வலுவாக இழுக்கும். இதற்காகவே இடுப்புவாரின் முன்புறம், ஒரே தள்ளில் பட்டத்தின் விசையை முறிக்கும் அவசர விடுவிப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்து வைத்தால் போதாது. கண்ணை மூடிக்கொண்டும் கை தானாகப் போய்த் தொடும்வரை, கரையிலேயே பலமுறை பயிற்றவேண்டும். அதைச் செய்யாமல் முதல் மணி நேரத்திலேயே மாணவன் கையில் பெரிய பட்டத்தைக் கொடுக்கும் ஆசிரியர் யாராயினும், அவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

கடலில் சறுக்கும் நேரத்தைவிட, கரையில் பட்டத்தை ஏற்றும் நேரமும் இறக்கும் நேரமுமே அதிக ஆபத்தானவை. நீரில் விழுந்தால் தண்ணீர். கரையில் இழுபட்டால் கல், கம்பம், சுவர், மனிதர். 2002ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபெமார்ன் தீவில் நடந்த போட்டியின்போது, பட்டங்கள் சிக்கிக்கொண்டதில் தேர்ந்த வீராங்கனை ஒருவர் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அவர் கற்றுக்குட்டியல்லர், அத்துறையில் பெயர் பெற்றவர்.

சகோதரியின் மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். கடலோர ஊர்களில் காற்று எப்போது எழும்? வெயிலில் தரை சூடேறியபின், பிற்பகலில், கடலிலிருந்து கரைநோக்கி. மக்கள் எப்போது கடற்கரைக்கு வருவார்கள்? வெயில் தாழ்ந்தபின், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில். பட்டக்காரருக்கு வேண்டிய காற்றும் குடும்பங்கள் தேடும் குளுமையும் ஒரே நேரத்தில், ஒரே மணலுக்கு வந்து சேர்கின்றன! போதாக்குறைக்கு, கரைநோக்கி வீசும் அந்தக் காற்று, கட்டுமீறிய பட்டத்தையும் கரைநோக்கியே கொண்டுவரும். தரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று பட்டக்காரரை நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். அது அவருடைய உயிருக்குக் கேடு. கடலிலிருந்து நேரே கரைக்கு வீசும் காற்றோ மற்றவருக்குக் கேடு. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் வீசுவதே கற்பதற்கு ஏற்றது.

ஒரு மாணவன் நிற்கும் இடத்திலிருந்து காற்று போகும் திசையில், இருபத்தைந்து மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் முழுவதும் அந்தப் பட்டத்தின் ஆட்சிக்குட்பட்டது. குறுக்களவில் ஐம்பது மீட்டர். அவன் இழுபட்டால் அந்த அரைவட்டமும் அவனோடு நகரும். அவ்வளவு இடத்தில் விடுமுறை மாலையொன்றில் எத்தனை பாய்கள் விரிக்கப்பட்டிருக்கும், எத்தனை குழந்தைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பட்டம் எழுமுன் கயிறுகளை மணலில் நீள விரித்து வைப்பார்கள். பந்தின் பின்னால் ஓடிவரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கயிறு கண்ணில் படுமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் பட்டம் இல்லை, அம்பு இருந்தது. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர், பிறர்மேல் பட்டுக் காயப்படுத்திவிடாதபடி அவற்றின் முனைகளைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்பது அவர்கள் கற்பித்த ஒழுங்கு. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. அம்பு வைத்திருப்பதை அவர்கள் தடுக்கவில்லை. கூட்டத்தின் நடுவே அதன் கூர்முனைக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் தெளிவாக்கினார்கள். ஒதுங்கிப் போகும்படி மக்களுக்குச் சொல்லப்படவில்லை. தெருவோரத்தில் அமர்வோரிடம், பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தியபோது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பதையும் அந்த ஹக்குகளில் ஒன்றாகச் சொன்னார்கள். பொதுக் கடற்கரையும் ஒரு பாதைதானே? அங்கே காசு கொடுத்துப் பயில்பவருக்குள்ள உரிமை, காசில்லாமல் காற்று வாங்க வந்தவருக்கும் உண்டு.

பயிற்றுவிப்பவரின் பொறுப்பு இன்னும் கனமானது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்து, அதனால் கேடு விளைந்தால் அவரே ஈடு செய்யவேண்டும் என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. தகுதியின்றிக் கற்பிப்பவருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். ‘வேண்டுமென்றா செய்தேன்?’ என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் இழப்பீடும் பரிகாரமும் நம் ஷரீஅத்தில் விதிக்கப்பட்டுள்ளன.

கூட்டமும் பட்டமும் ஒரே ஊரில் வாழ முடியாதா என்றால், முடியும். ஸ்பெயினின் தென்முனையில் தரீஃபா என்று ஓர் ஊர். கி.பி. 710இல், தாரிக் இப்னு ஸியாத் ஜலசந்தியைக் கடப்பதற்கு ஓராண்டு முன்பு, வேவு பார்க்கச் சிறுபடையுடன் கரையிறங்கிய தரீஃப் இப்னு மாலிக்கின் பெயரைத்தான் அவ்வூர் இன்றும் சுமந்து நிற்கிறது. வரலாறு எங்கெங்கோ ஒளிந்திருக்கிறது, பாருங்கள்! ஜலசந்தியில் ஒடுங்கி வீசும் பலத்த காற்றால் இன்று அது ஐரோப்பாவில் இவ்விளையாட்டுக்குப் பெயர்போன ஊர். கோடையில் குளிக்க வருவோரும் பட்டத்துடன் வருவோரும் ஒருசேரக் குவிவதால், குளிப்போர் பகுதிகளில் அந்த மாதங்களில் பட்டத்துக்குத் தடை போட்டு, பயிற்சிப் பள்ளிகளுக்குத் தனி எல்லைகளும் வகுத்திருக்கிறார்கள். விளையாட்டு அழிந்துவிடவில்லை, ஊரின் பிழைப்பும் கெடவில்லை.

நம் மக்களுக்கு அண்மையில் உள்ளது இலங்கையின் கற்பிட்டி. 1990இல் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர் பலர் தஞ்சம் புகுந்த அதே புத்தளம் மாவட்டம். அங்குள்ள களப்புகளில் நீர் ஆழமின்றி, அலையின்றிக் கிடக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று தளராமல் வீசும். விழுந்தால் இடுப்பளவு நீரில் எழுந்து நிற்கலாம். கரையில் மணல்வீடு கட்டும் கூட்டமும் குறைவு. கற்க அதைவிட நல்ல இடம் அரிது. ஆயினும் அங்கும் ஒரு ஹக்கு இருக்கிறது. வலை விரிப்பவனுக்கும் வள்ளம் இறக்குபவனுக்கும் அது விளையாட்டிடமன்று, அன்றாடச் சோறு. வெளியூர் விருந்தினர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கரையில் அமரும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுபவர் நிற்குமிடத்திலிருந்து காற்று போகும் பக்கமே பட்டம் இருக்கும். காற்று வரும் பக்கம் அதனால் நிற்க இயலாது. ஆகவே உங்கள் துப்பட்டாவின் முனை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். பட்டக்காரரைத் தாண்டி அந்தப் பக்கம் பாய் விரிக்காதீர்கள். காற்று வரும் பக்கம், தள்ளி அமருங்கள். பட்டம் அருகே விழுந்தால் உதவும் எண்ணத்தில் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிக்கவேண்டாம். கிடக்கும் பட்டத்தில் மீண்டும் காற்றுப் புகுந்தால் உங்கள் விரல்கள் மிஞ்சா. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விலகிவிடுவதே அறிவுடைமை.

சகோதரிக்கு என் யோசனை இது. மகனுக்கு முதலில் நீச்சல் நன்றாக வருமா என்று பாருங்கள். வராவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. வருமானால், பணம் கட்டுமுன் தந்தையும் மகனுமாக ஒருநாள் போய் வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். ஆசிரியர் ஒருவரிடம் எத்தனை மாணவர்? ஓரிருவருக்கு மேற்பட்டால் வேண்டாம். சிறு பயிற்சிப் பட்டத்தில் தொடங்கி, அடுத்து நீரில் உடலை மட்டும் இழுக்கவிட்டு, அதன் பிறகே பலகையைக் கொடுக்கிறார்களா? தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிவிக்கிறார்களா? பட்டம் எழும்போது இடையில் நடந்து வருபவரைத் தடுக்க உதவியாளர் நிற்கிறாரா? மூன்றாம் நபருக்கு நேரும் காயத்துக்குக் காப்பீடு உண்டா என்றும் நேரில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் மகனை அனுப்பவேண்டாம். ‘இன்று கூட்டம் அதிகம், வகுப்பு இல்லை’ என்று சொல்லிக் காசைத் திருப்பித் தரும் ஆசிரியர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்! விடுமுறை நாள் மாலையில் மட்டும் எந்நிலையிலும் வேண்டாம். வேலைநாளில், கூட்டமில்லாத பகுதியில், தந்தை உடனிருக்கத் தொடங்கட்டும்.

மடலின் ஓரத்தில் இன்னொரு வரியும் இருந்தது. தம்பிக்கு அனுமதி கிடைத்தால் தனக்கும் வேண்டும் என்று அவனுடைய அக்கா கேட்கிறாளாம். கேட்கட்டுமே! பெண் ஆசிரியர் இருக்கும் பள்ளியாகத் தேடுங்கள். உடலை முழுதும் மறைக்கும் நீச்சலுடையின்மேல் தளர்வான மேற்சட்டை ஒன்று அணியலாம். ஆனால், தலைத்துணியின் முனை காற்றில் ஆடும்படி விடலாகாது. அது இடுப்புவாரின் கொக்கியிலோ அவசர விடுவிப்பிலோ சுற்றிக்கொண்டால், தேவையான கணத்தில் அது திறவாது. முனையை மேற்சட்டைக்குள் செருகி, குண்டூசியின்றி இறுகக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.