இடக்கை விதியும் எரிந்த காயிலும்



ஃபிளெமிங்கின் இடக்கை விதி என்றால் நமக்கு இரண்டு மார்க். சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் கம்பி நகரும் திசை. எழுதினோம், வாங்கினோம், மறந்தோம்! நம் ஊர்த் தோட்டங்களில் தண்ணீர் மேலே ஏறுவதே இந்த விதியால்தான் என்பதைக் கேள்வித்தாள் கேட்பதில்லையே, அதுதான் என் ஆதங்கம்.

1 டெஸ்லா புலத்துக்குக் குறுக்கே 20 செ.மீ. கம்பி, அதில் 10 ஆம்பியர் ஓடினால் விசை 2 நியூட்டன். ஒரு டம்ளர் தண்ணீரின் எடை, அவ்வளவுதான். இப்படிப் பல கம்பிகள் சேர்ந்து தள்ளித்தான் கிணற்றுத் தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் பாய்கிறது. 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டியது நம் கோவையில்தான்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா குத்தகைக்குத் தோட்டம் பார்க்கிறார். போன கோடையில் மோட்டார் எரிந்தது. காயில் கட்ட அம்மா இரண்டு ஆட்டை விற்றார். "ஏஞ்சாமி, நீ கரண்டுப் படிப்புத்தான படிக்கிற? வோல்டேஜ் கம்மின்னா மோட்டாரு மெதுவாத்தான ஓடோணும், எதுக்குக் காயிலு போகுது?" என்றார் அப்பா.

நியாயமான கேள்வி! வோல்டேஜ் இறங்கினால் காந்தப்புலமும் இறங்கும், ரோட்டாரில் தூண்டப்படும் மின்னோட்டமும் இறங்கும். இரண்டும் பெருகித்தானே விசை? 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 332 வந்தால் முறுக்குவிசை 64 சதவீதம்தான். பம்பின் சுமையோ அந்த அளவு குறையாது. மோட்டார் வேகம் தளர்ந்து, ஈடுகட்டக் கூடுதல் ஆம்பியரை இழுக்கும். சூடு ஆம்பியரின் வர்க்கமாக ஏறும். எனாமல் கருகும். ஆடு போகும்.

காயில் கடையில் ஏழாவது படித்த அண்ணன் ஒருவர் ஸ்டேட்டரைப் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார்: "சுத்திலும் ஒரே மாதிரி கருத்திருந்தா லோடு, இல்லாட்டி லோ வோல்டேஜ். பாதி கருகி மீதி புதுசாட்டம் இருந்தா ஒரு பேஸ் வரலீங்க தம்பி." நம் பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு படம் உண்டா? லேபில் பெயிண்ட் அடித்த மோட்டாரைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம்.

எரிந்த ஸ்டேட்டர் ஒன்று லேப் மேஜை மீது வேண்டும் என்பது என் கட்சி. அந்த அண்ணனிடம் கேட்டுவிட்டேன், சும்மாவே தருகிறாராம். 5 ஹெச்.பி.! பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கிவர இரண்டு பேர் தேவை.