பெர்குளோரேட்டும் பாக்டீரியாவும்: சூலக்கரை வட்டார நிலத்தடி நீர் குறித்து எங்கள் நிலைப்பாடு

சூலக்கரை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசை நம்பியே அடுப்பெரியும் வீடுகள் ஏராளம். இந்தத் தொழில் நிலைக்க வேண்டும் என்பதில் எங்கள் அமைப்புக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஆலைக் கழிவிலுள்ள பெர்குளோரேட் உப்பை மண்ணிலுள்ள பாக்டீரியாவே தின்று தீர்த்துவிடும், தனி ஏற்பாடு எதற்கு என்ற வாதத்தை ஏற்க மாட்டோம். அந்தப் பாக்டீரியாவை ஆலைக்குள், கசியாத தொட்டியில் வளர்த்து வேலை வாங்குவதை ஆதரிக்கிறோம். கண்மாயிலும் கிணற்றிலும் அதைச் சோதித்துப் பார்ப்பதை எதிர்க்கிறோம்.

2013இல் வெளியான ஓர் ஆய்வு சிவகாசி, மதுரைப் பகுதிகளின் தண்ணீரைச் சோதித்தது. சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்போது வகுத்திருந்த 15 மைக்ரோகிராம் அளவைத் தாண்டின. மதுரை மாதிரி ஒன்றுகூடத் தாண்டவில்லை. உச்ச அளவு லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்த 70 மைக்ரோகிராமைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இந்த உப்பு, தைராய்டு சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும்தான் கவலை அதிகம். ஆயினும் குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500இல் பெர்குளோரேட்டுக்கு வரம்பே இல்லை.

பாக்டீரியாவின் திறமை உண்மையானது. காற்றுப் புகாத சேற்றில், டீக்ளோரோமோனாஸ் போன்றவை ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பெர்குளோரேட்டை வைத்தே சுவாசிக்கின்றன. கடைசியில் மிஞ்சுவது குளோரைடும் ஆக்சிஜனும்தான். கேரளத்தில் ஆலுவா அருகே ராக்கெட் எரிபொருளுக்கான ஆலையைச் சுற்றி இதே உப்பு கிணறுகளில் கலந்தபோது, திருவனந்தபுரத்து ஆய்வாளர்கள் இதைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். ஆனால், நம் ஆலைகளின் கழுவுநீரில் வெடியுப்பு என்ற நைட்ரேட்டும் சேர்ந்தே வருகிறது. பெரும்பாலும் நைட்ரேட் தீர்ந்த பிறகே பாக்டீரியா பெர்குளோரேட்டின் பக்கம் திரும்பும். அதுவரை அவற்றுக்கு உணவும் நேரமும் வேண்டும்.

கண்மாய் வேண்டாம் என்பதற்குக் காரணம் இந்த உணவுதான். பாக்டீரியாவுக்காக மொலாசஸ் போன்ற கரிமப் பொருளைச் சேற்றில் கொட்டினால், அதில் பங்கு கேட்டு ஜியோபாக்டர் போன்ற இரும்பு ஒடுக்கும் பாக்டீரியாவும் பெருகும். அவை மண்ணில் துருவாக உறைந்திருக்கும் இரும்பைத் தண்ணீரில் கரையும் வடிவுக்கு மாற்றிவிடும். துருவோடு ஒட்டியிருந்த மாங்கனீசும் பாஸ்பேட்டும், ஆர்சனிக் இருந்தால் அதுவும், உடன் கரைந்து வரும். மேற்கு வங்கக் குழாய்க்கிணறுகளில் ஆர்சனிக் ஏறியதற்கு இந்த இரும்பு ஒடுக்கமே முக்கியக் காரணம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஒரு நஞ்சை நீக்கப் போய் இன்னொன்றை எழுப்பிவிடக் கூடாது.

அமிலத் தன்மையையும் கவனிக்க வேண்டும். அமிலச் சேற்றில் துரு இன்னும் எளிதாகக் கரையும். ஜெர்மனியின் பழைய நிலக்கரிச் சுரங்க ஏரிகளில் அசிடிஃபிலியம் என்ற பாக்டீரியா அந்த அமிலத்திலேயே இரும்பை ஒடுக்குவது கண்டறியப்பட்டிருக்கிறது. நம் கரிசலில் சுண்ணாம்பு உண்டு, கண்மாய்ச் சேறு அவ்வளவு லேசில் புளிக்காது. கழிவு வெடிமருந்தைக் கொட்டும் குழி அப்படியல்ல. அங்கே கிடக்கும் கந்தகத்தை வேறு பாக்டீரியா கந்தக அமிலமாக்கக்கூடும். பெர்குளோரேட்டைச் சிதைப்பவை பெரும்பாலும் அமிலத்தில் வேலை செய்வதில்லை. ஆகவே, குழி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளைச் சுற்றியுள்ள கிணறுகளையும் போர்களையும் மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கழுவுநீரைத் தரையில் விடக் கூடாது. சிறு ஆலைகளால் தனித்தனியே தொட்டி கட்ட முடியாது. அவற்றுக்காக அரசின் செலவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைய வேண்டும். தேசியத் தரத்தில் பெர்குளோரேட்டுக்கு வரம்பு வர வேண்டும்.

ஆலைக்கு அருகே குடியிருப்போருக்கு ஒரு வார்த்தை: போர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் இந்த உப்பு போகாது. சோதனை முடிவு தெரியும்வரை, குடிக்கவும் குழந்தைக்குப் பால் கரைக்கவும் வேறு தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.