எடைக்கல் எங்கிருந்து வருகிறது?

மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் மருந்து பெங்களூரில் தயாராகிறது. பயோகான் நிறுவனம் அதை 2014-ல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வும் ஒப்புதல் தந்தது. அங்கே ஒப்புதல் பெற்ற முதல் டிராஸ்டுசுமாப் பயோசிமிலர், அதாவது மூல உயிரி மருந்தை ஒத்த மருந்து, அதுதான். பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால், இப்படியொரு மருந்து தன் இலக்கைச் சரியாகப் பற்றுகிறதா என்று உரசிப் பார்க்க ஒரு புரதம் வேண்டும். நம் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது.

அதன் பெயர் ஹெர்-2. மனித எபிடெர்மல் வளர்ச்சிக் காரணி ஏற்பிக் குடும்பத்தின் நால்வரில் ஒருவர். செல்லின் மேற்பரப்பில் நின்று, ‘வளர், பெருகு’ என்ற கட்டளையை உள்ளே கடத்துவது இதன் வேலை. சில மார்பகப் புற்றுநோய்களில் இதற்கான மரபணு பல நகல்களாகப் பெருகிவிட, செல்லின் மேல் ஏற்பிகள் மொய்த்துக் கிடக்கும். அத்தகைய பெண்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது என்று டெனிஸ் ஸ்லாமனும் சகாக்களும் 1987-ல் காட்டினார்கள். 1998-ல் டிராஸ்டுசுமாப் வந்தது அந்த வழியில்தான்.

முழு ஏற்பியில் 1,255 அமினோ அமிலங்கள் உண்டு. மருந்து பற்றுவதோ செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியை. எனவே, அந்தப் பகுதிக்கான மரபணுத் துண்டை மட்டும் வேறொரு செல்லில் புகுத்தி, புரதத்தைச் சுரக்கவைத்து, வடித்தெடுக்கிறார்கள். பாக்டீரியாவில் செய்தால் மலிவு. ஆனால், பாக்டீரியாவுக்கு மனிதப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளைப் பூட்டத் தெரியாது. கந்தகப் பிணைப்புகளிலும் தடுமாறும். மடிப்பு பிசகினால் மருந்து பற்றாது. அதனால் பலரும் ஹெச்.இ.கே.-293 என்ற மனிதச் செல்களை நாடுகிறார்கள். 1973-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் உருவானவை அவை. பிராங்க் கிரஹாமின் 293-வது சோதனை என்பதால் அந்தப் பெயர்.

ஓர் ஆய்வகத்தில் ஹெர்-2 புரதக் குப்பி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 50 மைக்ரோகிராம். காலியாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்தபோது அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரிந்தது. மூடியில் துகள் ஒட்டியிருக்கும் என்பதால், திறக்கும் முன் சுழற்றியில் வைத்துக் கீழே இறக்கினார் ஆய்வு மாணவி. கரைத்து, சிறுசிறு பங்காகப் பிரித்து உறையவைத்தார். உறைவதும் உருகுவதுமாக இருந்தால் புரதம் கெட்டுவிடும். “இது தீர்ந்தா அடுத்தது வர ஆறு வாரம் சார். அதனால மூணு தடவை செய்யவேண்டிய சோதனையை ரெண்டு தடவையோட நிறுத்திக்கிறேன்” என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். பணத்தைவிடப் பெரிய இழப்பு அதில் இருக்கிறது.

நமக்குத் திறமை இல்லையா? ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-லேயே மரபணு மறுசேர்க்கை முறையில் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியைக் கொண்டுவந்தது. மரபணுவும் எட்டாக்கனி அல்ல. 2004-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் ஆட்ஜீன் என்னும் லாப நோக்கற்ற அமைப்பு, மரபணுவைச் சுமக்கும் டி.என்.ஏ. வளையங்களான பிளாஸ்மிடுகளைக் குறைந்த கட்டணத்தில் உலகெங்கும் அனுப்புகிறது. இல்லாதது, ஆய்வுக்கான புரதங்களைத் தொடர்ந்து செய்து, ஒவ்வொரு தொகுதியையும் அளந்து, சான்றோடு கொடுக்கும் ஒரு பொது இடம்.

உள்நாட்டில் செய்யும் புரதத்தின் தரத்தைப் பற்றிய தயக்கம் நியாயமானது. ஆய்வகத்துக்கு இந்தப் புரதம்தான் எடைக்கல்; தேய்ந்த எடைக்கல்லால் நிறுத்தால் கடை முழுக்கக் கணக்குத் தப்பும். ஆகவே, தூய்மை, திரட்சி, மருந்தைப் பற்றும் வலு ஆகிய மூன்றும் தொகுதிவாரியாக வெளியிடப்பட வேண்டும்.

முன்மாதிரிக்கு அலைய வேண்டாம். புனேயின் தேசிய செல் அறிவியல் மையம் தன் களஞ்சியத்திலிருந்து நாடு முழுவதும் ஆய்வகங்களுக்குச் செல்களை வழங்கிவருகிறது. புரதங்களுக்கும் அப்படியொரு களஞ்சியம் வேண்டும். உயிரித் தொழில்நுட்பத்தில் உற்பத்தியை வளர்க்கும் ‘பயோ-இ3’ கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. உயிரித் தொழில்நுட்பத் துறை அதன்கீழ் இதை உடனே தொடங்கட்டும். முதல் குப்பி ஹெர்-2 ஆக இருக்கட்டும்.