சொந்த வீட்டுக் குழாய் வேலைக்கு ‘பர்மிட்’ தேவையா?
வெள்ளிமலையில் சட்டம் எங்கே குறுக்கே வருகிறது?

“என் வீடு, என் குழாய். நானே ரிப்பேர் பண்ணினா எவன் கேக்கிறது?”

கள்ளக்குறிச்சி ஹார்டுவேர் கடையில் பைப்பும் எல்போவும் வாங்கிக்கொண்டு கல்வராயன் மலைக்கு பஸ் ஏறுகிறவர் இப்படிக் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. மலை ஏறி வரும் பிளம்பருக்குக் கூலியோடு போக்குவரத்துச் செலவும் தரணும். வாஷர் மாற்ற அவ்வளவு செலவா?

வேண்டாம். பர்மிட்டும் வேண்டாம்!

வீட்டுக்குள் ஒழுகும் குழாயை மாற்ற, சமையல்கட்டில் இன்னொரு குழாய் வைக்க, எந்த ஆபீசுக்கும் மனுப்போட வேண்டியதில்லை. சட்டம் விழித்துக்கொள்வது தெருக் குழாயைத் தொடும்போதுதான்.

சென்னையில் 1978-ல் அமைந்த குடிநீர் வாரியம் இருக்கிறது. அங்கே புது இணைப்பு வேண்டுமானால் வாரியத்துக்கு விண்ணப்பம், கட்டணம், லைசென்ஸ் உள்ள பிளம்பர் என்று வரிசையாகப் போகும். வெள்ளிமலையில் மாநகராட்சியும் இல்லை, நகராட்சியும் இல்லை. எல்லாம் ஊராட்சிதான். ஆனாலும் ஊராட்சி மெயின் குழாயில் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டை போட்டு ‘டீ’ மாட்டினால் அது திருட்டு இணைப்பே. முறையாக மனுக் கொடுத்து, டெபாசிட் கட்டித்தான் இணைப்பு வாங்கணும்.

மோட்டார் வைத்தால்?

பெரிய வம்பு இதில்தான். மெயின் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். மலையில் மேட்டு வீட்டின் பாடு இன்னும் மோசம். குழாயில் அழுத்தம் குறைந்ததும், சாக்கடை ஓரத்து விரிசல் வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். அதைக் குடிப்பது மோட்டார் வைத்தவர் மட்டுமல்ல, தெருவே குடிக்கும்.

1933-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், உலகக் கண்காட்சி நேரத்தில், ஓட்டல் குழாய்களில் கழிவுநீர் கலந்து சீதபேதி பரவியது. 98 பேர் செத்தார்கள். குழாய் வேலைக்குக் கெடுபிடி வந்தது இப்படிப்பட்ட சாவுகளால்தான், அதிகாரிகளின் பொழுதுபோக்கால் அல்ல.

இங்கிலாந்தில் வீட்டுக்காரரே வேலை செய்யலாம். ஆனால் 230 லிட்டருக்கு மேல் பிடிக்கும் குளியல் தொட்டி வைப்பதானால் தண்ணீர் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லணும். 1999-ம் ஆண்டு விதி அது. வெள்ளிமலையில் குளியல் தொட்டிக் கவலை யாருக்கும் இருக்காது!

ஓடையிலிருந்து ஹோஸ்

இங்கே உள்ள கவலை வேறு. ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ கருப்பு ஹோஸ் இழுத்தால் தண்ணீர் தானாக இறங்கி வரும். கரண்டு செலவு இல்லை. ஆனால் அந்த ஹோஸ் காப்புக்காடு வழியாகப் போனால் வனத்துறை கேட்கும். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. குடிநீர்க் குழாய்க்காக 1 ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைத் தரலாம். கிராம சபை பரிந்துரை கட்டாயம். ஒரு ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. இந்தச் சலுகை அரசு நடத்தும் பொது வசதிக்கு மட்டுமே, தனி ஆள் இழுக்கும் ஹோஸுக்கு இல்லை.

2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களில், ஊருக்குள் நடக்கும் வேலைச் செலவில் மக்கள் பங்கு 5 சதவீதம். மற்ற சமவெளி ஊர்களில் 10. பணம் இல்லாதவர் உழைப்பாகவும் தரலாம். பள்ளம் வெட்டுகிற கைக்கும் அங்கே மதிப்பு உண்டு.

செப்டிக் டாங்க் விஷயத்தில் மட்டும் ‘நம்ம வீடுதானே’ என்ற பேச்சே கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் கூலிக்கு ஆளை உள்ளே இறக்கினால், 2013-ம் ஆண்டு சட்டப்படி முதல் தடவைக்கே 2 வருஷம் வரை ஜெயில் அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் விலக்கு இல்லை.

குழாய் வராத தெருக்காரர்கள் ராத்திரியில் ‘டீ’ மாட்டுவதற்குப் பதில் பகலில் மனுக் கொடுக்கலாம். ஊராட்சிகளில் கிராம சபை வருஷத்துக்கு 6 தடவை கூடுகிறது. அதில் ஒரு நாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம்.