அடுக்குமாடிப் பராமரிப்பு: அரசு ஊழியருக்கு 30 ஆண்டு, ஏழைக்கு 5 ஆண்டு

புதுதில்லி: கொச்சி மட்டாஞ்சேரியை ஒட்டியுள்ள துருத்தியில் 394 குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட இரண்டு அடுக்குமாடிக் கட்டிடங்களை, கேரள முதல்வர் பினராயி விஜயன் 2025 செப்டம்பர் 27-ம் தேதி திறந்து வைத்தார். மத்தியில் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு இருந்தபோது கொண்டுவரப்பட்ட ராஜீவ் ஆவாஸ் திட்டத்தின் கீழ் உருவானது இது. அந்தத் திட்டமே 2015-ல் கைவிடப்பட்டு, பிரதமர் வீட்டு வசதித் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. துருத்தியில் அடிக்கல் நாட்டப்பட்டது 2017-ல். பணி நின்றும் நடந்தும் ஒரு வழியாக முடிந்திருக்கிறது. ஒரு கட்டிடத்தை மாநகராட்சியும், மற்றொன்றைக் கொச்சி ஸ்மார்ட் சிட்டி நிறுவனமும் கட்டின. ஒவ்வொரு வீடும் சுமார் 300 சதுர அடி.

இத்தனை தாமதத்துக்குப் பிறகும் அங்குள்ளவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சிப் பகுதிகளில் ஒரு பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருக்கும் 'பணயம்' முறை இன்றும் உண்டு. தமிழகத்தில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்கிறோமே, அதேதான். முன்பணத்தைத் திரட்டக் கடன் வாங்குவதும், கெடு முடிந்தால் வேறு வீடு தேடுவதுமாக வாழ்ந்தவர்களுக்கு, கழிப்பறையோடு கூடிய நிலையான வீடு என்பது சிறிய விஷயமல்ல.

ஆனால், 11 மாடியும் 13 மாடியும் கொண்ட கட்டிடங்கள் லிப்ட், தண்ணீர் மோட்டார், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றை நம்பி நிற்பவை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இவற்றுக்குப் பணம் தரப்போவது யார் என்ற கேள்வி திறப்பு விழா மேடைகளில் எழுவதில்லை. இந்தக் கேள்வியைத் தலைநகரின் கணக்கோடு வைத்துப் பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்.

சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட தெற்கு தில்லியின் ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துக் கட்ட, மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. 12,970 பழைய வீடுகளுக்குப் பதிலாக 25,667 புதிய வீடுகள். மதிப்பீடு 32,835 கோடி ரூபாய். இத்தொகையில் 30 ஆண்டுகளுக்கான பராமரிப்பு, இயக்கச் செலவும் அடக்கம் என்பது குறிப்பிடத்தக்கது. கஜானாவிலிருந்து பணம் எடுக்காமல், நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரின் ஒரு பகுதியிலும் வணிகக் கட்டிடங்களைக் கட்டி விற்று, அந்த வருவாயில் வீடுகளைக் கட்டுவதே திட்டம். மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்படவிருந்ததை எதிர்த்து 2018-ல் மக்கள் வீதிக்கு வந்ததும், தில்லி உயர்நீதிமன்றம் மரம் வெட்டத் தடை விதித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

2025 ஜனவரி 3-ம் தேதி பிரதமர் மோடி தில்லியில் ஒரே நாளில் மூன்று கட்டுமானங்களைத் திறந்து வைத்தார். ஒன்று, நௌரோஜி நகரில் 600-க்கும் மேற்பட்ட பழைய வீடுகள் இருந்த இடத்தில் எழுந்த உலக வர்த்தக மையம். சுமார் 34 லட்சம் சதுர அடி வணிக இடம் அங்கு உள்ளது. இரண்டாவது, சரோஜினி நகரில் 28 கோபுரங்களில் 2,500-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர் வீடுகள். மூன்றாவது, அசோக் விஹாரில் குடிசைவாசிகளுக்கான 1,675 அடுக்குமாடி வீடுகள்.

அசோக் விஹாரில் ஒரு வீட்டுக்கு அரசு 25 லட்சம் ரூபாய் செலவிட, பயனாளி தன் பங்காக 1.42 லட்சம் ரூபாயும், ஐந்து ஆண்டு பராமரிப்புக்கு 30,000 ரூபாயும் செலுத்துகிறார். சலுகை பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், சரோஜினி நகர் ஊழியர் உரிமக் கட்டணம் மட்டும் செலுத்திக் குடியிருக்க, அவர் வீட்டின் பராமரிப்பு 30 ஆண்டுகளுக்குத் திட்டக் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குடிசையிலிருந்து வந்தவருக்கு ஐந்தே ஆண்டுகள். ஆறாம் ஆண்டில் லிப்ட் நின்றால், கீழ்த்தட்டுக் குடும்பங்கள் தங்களுக்குள் வசூல் செய்துகொள்ள வேண்டியதுதான்.

'வீடு சொந்தமானால் மக்களே பொறுப்போடு பார்த்துக்கொள்வார்கள்' என்பது அதிகாரிகள் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். தரை வீட்டுக்கு அது பொருந்தலாம். அடுக்குமாடிக்குப் பொருந்துமா என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-ல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பில், 24 வீடுகள் கொண்ட தொகுதி 2021 டிசம்பர் 27-ம் தேதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டிடத்தின் வயது 28.

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? தில்லி வழி, வணிகக் கட்டிடத்தை விற்பது. விற்றால் பணம் ஒரு முறைதான் வரும். பொது நிலத்தின் மேல் எழுந்த இடமும் கைமாறிவிடும். நௌரோஜி நகரில் இடம் வாங்கியவற்றில் பொதுத்துறை நிறுவனங்களும் உண்டு. அந்த அளவுக்கு, அரசின் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் பணம் மாறியது என்றும் சொல்லலாம்.

கொச்சிக்குத் தன் ஊரிலேயே வேறொரு வழி தெரியும். கலூரில் கொச்சிப் பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்குச் சொந்தமான ஜவாஹர்லால் நேரு விளையாட்டு அரங்கில், பார்வையாளர் மாடங்களின் கீழே உள்ள கடைகள் விற்கப்படவில்லை, வாடகைக்கு விடப்பட்டுள்ளன. ஆட்டம் இல்லாத நாளிலும் வருமானம் உண்டு. தொல்லையும் உண்டு: 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கடைகளைக் காலி செய்யச் சொன்னபோது, வியாபாரிகள் உயர்நீதிமன்றம் சென்றனர். ஆயினும் கட்டிடம் ஆணையத்தின் கையிலேயே இருக்கிறது.

துருத்தியிலும் கீழ்த்தளத்தில் கடைகளுக்கு இடம் உண்டு. அவற்றின் வாடகை மாநகராட்சியின் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், லிப்டுக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குமான தனி நிதியாக ஒதுக்கப்பட வேண்டும். சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் நகர மன்றங்கள், லிப்ட் மாற்றுதல் போன்ற பெரிய செலவுகளுக்காகச் சட்டப்படி தனி நிதி சேர்த்து வருகின்றன. மட்டாஞ்சேரிச் சந்துக் கடையின் வாடகை தெற்கு தில்லி அலுவலகத்தின் விலையோடு ஒப்பிடத்தக்கதல்ல. அதனால் முழுச் செலவும் ஈடாகாது. மீதியை மாநில அரசு ஏற்க வேண்டியிருக்கும். அதை இப்போதே ஒப்புக்கொள்வது நல்லது.

விந்தை என்னவென்றால், ஏழைகளின் வீட்டுக்கு நீண்டகாலப் பராமரிப்பை நிபந்தனையாக்கிய மத்திய திட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. கொரோனா ஊரடங்கில் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பியதை நாடு பார்த்த பின், 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் அது. அரசுப் பணத்தில் கட்டப்பட்டு ஆளின்றிக் கிடந்த வீடுகளைப் பழுதுபார்த்து, 25 ஆண்டுகள் பராமரித்து வாடகைக்கு விட்டு, பின்னர் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் ஒரு பிரிவு. காலியாகக் கிடந்தவை லட்சத்துக்கும் மேல் என அப்போது கூறப்பட்டது. வாடகை வீடுகளாக மாற்றப்பட்டவை 5,648 மட்டுமே.

வாடகை வீட்டில் சாவி வழங்கும் விழா இல்லை. பெயர்ப் பட்டயம் இல்லை. வாடகை வசூலிக்கும் தலைவலி மட்டும் உண்டு. மாநிலங்கள் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருத வேண்டியுள்ளது. 2024 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் வாடகைக் குடியிருப்புக்கு ஒரு பிரிவு வைக்கப்பட்டிருக்கிறது. பணயத் தொகை திரட்ட முடியாத குடும்பங்கள் துருத்திக்கு வெளியேயும் மட்டாஞ்சேரியில் இருக்கின்றன. அவர்களுக்காக இந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டியது கேரள அரசும் கொச்சி மாநகராட்சியும்தான்.