மத்தி, புட்லா, முட்டை பிரியாணி

ஆபீஸ்ல மத்தியான சாப்பாட்டு நேரத்துல ரெண்டு அப்பாக்கள் சேர்ந்தா போதும், பேச்சு புரோட்டீன்ல வந்து நிக்குது. "என் பொண்ணு எதையுமே தொட மாட்டேங்கறா சார், நீங்க எந்த பவுடர் குடுக்கறீங்க?" இதுதான் முதல் கேள்வி. எந்த பவுடரும் இல்லைன்னு சொன்னா, பிள்ளையை பட்டினி போடறவனைப் பார்க்கற மாதிரி ஒரு பார்வை.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். நல்லா இருக்கற குழந்தைக்கு டப்பா தேவையே இல்லை. அந்தக் காசுக்கு மட்டாஞ்சேரியில ஒரு மாசப் பயறும் மீனும் வாங்கலாம்.

கணக்குக்கு வருவோம். ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல சொன்ன அளவுப்படி 4-6 வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் புரோட்டீன், 7-9 வயசுக்கு 23 கிராம். அவ்வளவுதான் மக்களே! ஒரு முட்டையில 6 கிராம், ஒரு டம்ளர் பால்ல இன்னொரு 6, ஒரு கைப்பிடி பச்சைப்பயறுல 7. சோறும் இட்லியும் தர்றது போனஸ். எங்க வீட்டு ஆறு வயசும் ஒன்பது வயசும் இதுலயே கரையேறிடும். அதே நிறுவனம் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டியில புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கத்தான் சொல்லியிருக்கு. அதே வருஷம் ஏப்ரல்ல, 'ஹெல்த் டிரிங்க்'னு ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல கிடையாது, அந்தப் பிரிவுல இருந்து போர்ன்விட்டா மாதிரி பானங்களை எடுங்கன்னு மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. நாம தான் இன்னும் அந்தப் பேர்லயே கேட்டு வாங்கறோம்.

அப்போ சிக்கல் எங்க இருக்கு? தட்டுல இருக்கறது வாய்க்குள்ள போகணுமே! அங்கதான்.

2025 ஆரம்பத்துல கேரளாவுல ஒரு அங்கன்வாடிக் குழந்தை, உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரிச்ச கோழியும் வேணும்னு மழலையில கேட்ட வீடியோ ஒண்ணு ஊர் முழுக்க சுத்துச்சு. நாமளா இருந்தா "வாயை மூடிக்கிட்டு சாப்பிடு"ன்னு சொல்லியிருப்போம். இங்க சுகாதாரம், குழந்தைகள் நலம் ரெண்டையும் பார்க்கற அமைச்சரா அப்போ இருந்த வீணா ஜார்ஜ் அதைக் காதுல வாங்கினாங்க. அந்த ஜூன் மாசமே அங்கன்வாடிக்குப் புது மெனு அறிவிச்சாங்க. அதுல முட்டை பிரியாணி இருந்தது. வாரத்துக்கு ரெண்டு நாள் குடுத்துக்கிட்டிருந்த பாலும் முட்டையும் மூணு நாள் ஆச்சு. கோழி வரலை, பாவம். ஆனா எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. முட்டை முன்னாடியே இருந்தது, புதுசா வந்தது அது உட்கார்ந்திருந்த சோறுதான். குழந்தை சத்தை வேண்டாம்னு சொல்லவே இல்லை, உப்புமாவைத்தான் வேண்டாம்னு சொல்லுச்சு. (உப்புமாவை நானும் வேண்டாம்னுதான் சொல்றேன், தங்கமணி காதுல விழாத வரைக்கும்.)

சென்னையில இருந்து இங்க வந்து ஆறு வருஷம் ஆகுது. வில்லிங்டன் ஐலண்டுல வேலை முடிச்சு, தோப்பும்படி வழியா பஸ் பிடிச்சு வீடு வந்து சேர்றதுக்குள்ள ஏழு மணி. தங்கமணிக்கும் அதே கதைதான். ராத்திரி அடுப்புக்கு அரை மணி நேரம் கிடைச்சா பெரிசு. அந்த அரை மணிக்கு வழி சொன்னது இந்த மட்டாஞ்சேரி தெருக்கள்தான். சின்ன இடம், ஆனா முப்பதுக்கும் மேல சமூகங்கள் இருக்குன்னு சொல்வாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் மலிவு புரோட்டீனுக்கு ஒரு வேஷம் உண்டு.

குஜராத்தி ரோடு பக்கம் போனா கடலை மாவு. அங்க இருக்கற ஒரு குஜராத்தி ஆன்ட்டி எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது புட்லா. கடலை மாவுல கொஞ்சம் தயிர், ஓமம், மஞ்சத்தூள், பொடியா நறுக்கின வெங்காயம், உப்பு போட்டு தோசை மாவு பதத்துக்குக் கரைச்சு கல்லுல ஊத்தணும். அரைக்க வேண்டாம், புளிக்க வைக்க வேண்டாம், பத்து நிமிஷம். நூறு கிராம் மாவுல 20 கிராமுக்கு மேல புரோட்டீன். நம்ம அடைக்கு சித்தப்பா பையன்னு வெச்சுக்கலாம், ஆனா அடைக்கு ஊறப்போடணும், நேத்தே ஞாபகம் வந்திருக்கணும். தோசை மாதிரியே இருக்கறதால பசங்க கேள்வி கேட்காம சாப்பிடறாங்க.

செர்லாய் பக்கத்துக் கொங்கணி வீடுகள்ல தாளித்தோய். துவரம்பருப்பைக் குழைய வேகவெச்சு, பெருங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய் போட்டு, தேங்காயெண்ணெய்ல கடுகு தாளிச்சது. புளி இல்லை, காய் இல்லை. காய்க்குப் பயந்து சாம்பாரைத் தள்ளி வைக்கிற பிள்ளைக்கு இது தேவாமிர்தம். சோறும் பருப்பும் சேர்ந்தா ஒண்ணுல குறையற அமினோ அமிலத்தை இன்னொண்ணு ஈடுகட்டும்னு புத்தகம் சொல்லுது, பாட்டிக்கு அது புத்தகம் இல்லாமயே தெரியும்.

மலையாளி வீடுகள்ல சிறுபயறும் கஞ்சியும். பச்சைப்பயறை ஊறவைக்கலைன்னாலும் குக்கர்ல நாலஞ்சு விசில்ல வெந்துடும், அதனால வேலைக்குப் போறவங்களுக்கு இதைவிட நல்ல பயறு கிடையாது. எங்க தெருக்கடையில போன வாரம் கிலோ 130 ரூபாய். 13 ரூபாய்க்கு 23 கிராம் வரைக்கும் புரோட்டீன். பெரியவன் ஒரு நாளுக்கு வேண்டிய மொத்தமும் அதுல அடங்கிடுது. எந்த டப்பாக்காரராவது இந்த விலைக்குக் குடுக்கட்டும், நான் எழுதறதை நிறுத்திடறேன்.

இனி மத்தி. மத்தி, சாளை, என்ன பேர் வேணா வெச்சுக்குங்க, இந்த ஊரோட ஏழை வீட்டுப் புரோட்டீன் இதுதான். பசங்க ஓடறது முள்ளுக்கு பயந்துதான். அதுக்கு மருந்து கீழ் வீட்டு சேச்சி சொன்னது. சுத்தம் பண்ணின மத்தியை மிளகு, மஞ்சத்தூள், உப்பு, குடம்புளி, கொஞ்சம் எண்ணெய், கால் டம்ளர் தண்ணியோட குக்கர்ல வெச்சு, விசில் வந்ததும் சின்னத் தீயில இருபது நிமிஷம். முள்ளு மெத்துன்னு ஆயிடும், மசிச்சு உருளைக்கிழங்கோட கட்லெட் போட்டுடலாம். முள்ளோட போறதால கால்சியமும் இலவசம்.

ஆனா மத்தியை மட்டும் நம்பி உட்கார முடியாது. கேரளக் கடல்ல 2012ல 4 லட்சம் டன்னை ஒட்டிக் கிடைச்ச மத்தி, 2021ல 3,300 டன் கிட்ட சரிஞ்சது. இந்தக் கணக்கெடுக்கற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இங்க கொச்சியிலதான் இருக்கு. அப்புறம் மீன் திரும்பி வந்தது. ஆனாலும் 2024 டிராலிங் தடைக்காலத்துல கிலோ 300 ரூபாயைத் தாண்டுச்சு. அந்த விலையில அது ஏழை மீனா? அதனாலதான் எங்க வீட்டுல பயறும் கடலை மாவும் நிரந்தர ஊழியர்கள், மத்தி சீசன் ஊழியர்.

"பிள்ளை கேக்கறதையெல்லாம் செஞ்சா நாக்கு கெட்டுப் போகும்"னு ஊர்ல இருந்து அம்மா போன்ல சொல்றாங்க. பாதி சரி. பிள்ளை கேட்டதுன்னு தினமும் சிப்ஸ் குடுக்கற ஆள் நான் இல்லை. என்ன சத்துன்னு நாம முடிவு பண்ணுவோம், அது தோசையா கட்லெட்டா பிரியாணியான்னு அவங்க முடிவு பண்ணட்டும். எடை ஏறாம, சோர்ந்தே இருக்கற குழந்தைன்னா இந்தப் பேச்சே வேற, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவர் எழுதிக் குடுத்தா டப்பா வாங்குங்க. டிவி விளம்பரத்துல வர்ற வெள்ளைக் கோட்டு ஆசாமி கணக்குல வரமாட்டார்.

டிஸ்கி: குக்கர்ல மத்தி வெச்ச மறுநாள் அதே கேஸ்கட்டோட பாயசத்துக்கு அரிசி வேகவைக்காதீங்க. மீனுக்குன்னு தனி கேஸ்கட் ஒண்ணு வாங்கி வெச்சுக்கறது உத்தமம்.