கடவுச்சீட்டு வரிசையில் முந்தி வருவது குறித்து எமது நிலைப்பாடு

அலுவலக வாசலுக்கு யார் முந்தி வந்தார் என்று பார்த்துக் கடவுச்சீட்டு விண்ணப்பங்களை ஏற்கும் முறை கைவிடப்பட வேண்டும். நேரில் வந்து விண்ணப்பிக்கும் வழியோ மூடப்படவே கூடாது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எங்களை மேற்கோள் காட்ட வேண்டாம்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எங்களிடம் உதவி கேட்டு வருகிறார்கள். எந்தப் படிவம், எவ்வளவு காசு என்பதற்கு முன்பே அவர்கள் கேட்பது, "எத்தனை மணிக்குப் போய் நின்றால் டோக்கன் கிடைக்கும்?" என்பதுதான். 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது இந்தக் கேள்வி ஊர் முழுக்கப் பரவியது. அந்த ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத் தலைமை அலுவலகத்திலும் வவுனியாக் கிளையிலும் மக்கள் முதல் நாளே வந்து தெருவோரத்தில் படுத்தார்கள். ஜூலையில், பத்தரமுல்லையில் இரண்டு நாளாக வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்து குழந்தை பிறந்தது. 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களின் கொள்முதல் தாமதமானது. வரிசை மறுபடி நீண்டது. எத்தனை மணிக்கு வந்து நின்றாலும் இல்லாத புத்தகம் வந்துவிடாது. இருந்தும் மக்கள் வந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்?

"இரவில் வந்து நிற்கும்படி நாங்கள் யாரையும் சொல்லவில்லையே" என்ற பதிலை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை டோக்கன்தான் என்று வைத்து, அதை வாசலில் வந்த ஒழுங்கில் கொடுத்தால், இரவில் வரச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான். ஐந்து மணிக்கு வந்தவர் திரும்பிப் போனதைப் பார்த்தவர் அடுத்த நாள் மூன்று மணிக்கு வருவார். அவரைப் பார்த்தவர் பாயோடு முதல் நாள் மாலையே வருவார். எல்லோரும் முந்தி வந்த பிறகும் டோக்கன் கிடைப்பவர்களின் தொகை ஒன்றுகூடக் கூடுவதில்லை. கதவை ஒரு மணி நேரம் முன்பே திறப்பதும் இதற்குத் தீர்வாகாது. வரிசைதான் ஒரு மணி நேரம் முன்பே தொடங்கும்.

முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. யார் முந்தி வர முடியும் என்று பார்த்தால்தான் அந்த நியாயம் எவ்வளவு என்று தெரியும். வவுனியா நகரில் இருப்பவர் நடந்தே வரலாம். யாழ்ப்பாணத்தில் கிளை திறக்கும்வரை, நெடுந்தீவில் இருப்பவர் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து, அதற்கு மேலும் 140 கிலோமீற்றர் வவுனியாவுக்குப் போக வேண்டியிருந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள் சம்பளம். கைக்குழந்தைக்காரியும் மாற்றுத்திறனாளியும் இருட்டில் தெருவில் நிற்க முடியாது. காசு உள்ளவர் வீட்டில் தூங்குவார். அவருக்காக வேறொருவர் நின்று இடத்தை விற்பார். வரிசை நீளும் இடமெல்லாம் இந்த வியாபாரம் தானாக முளைக்கும். ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாய் கட்டணம் வாங்கும் அரசு, அதற்கு மேல் வாசலில் இன்னொருவர் வசூலிக்க இடம் கொடுக்கிறது.

திணைக்களம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2024 நவம்பரில் இணையத்தில் திகதி ஒதுக்கும் முறை வந்தது. 2025 பெப்ரவரியில் பத்தரமுல்லையில் 24 மணி நேர சேவை தொடங்கியது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கிளை திறக்கப்பட்டது. வடக்கு மக்கள் நெடுங்காலமாகக் கேட்டது அது. வரவேற்கிறோம்.

இணைய முறைக்கு மட்டும் எங்கள் ஆதரவு பாதிதான். திகதிகள் சில மாதங்களுக்குத் தள்ளிப்போகும்போது வரிசை ஒழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மின்னஞ்சல் முகவரி இல்லாத ஒரு தாய் பக்கத்து கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்துப் பதிகிறார். தொலைபேசி இலக்கமாகக் கடைக்காரரின் இலக்கம் போகிறது. திகதி மாறினால் செய்தியும் அவருக்கே போகிறது. தெருவில் நின்றவராவது தன் முறை எப்போது என்று தானே பார்த்துக்கொண்டார்.

ஆகவே ஒவ்வொரு அலுவலகமும் நாளாந்த இடங்களில் ஒரு பங்கை நேரில் வருவோருக்கு ஒதுக்க வேண்டும். அந்த இடங்களை விடியற்காலையில் வாசலில் கொடுக்காமல், பிரதேச செயலகத்தில் அலுவலக நேரத்தில் பதிந்து திகதியும் அரைமணி நேர வேளையும் கொடுக்கலாம். 2023 ஜூன் முதல் 51 பிரதேச செயலகங்களில் கடவுச்சீட்டுக்கான கைவிரல் அடையாளம் எடுக்கிறார்கள், ஆகவே புதிதாக எதையும் கட்டத் தேவையில்லை. டோக்கனில் தேசிய அடையாள அட்டை இலக்கம் இருந்தால் அதை விற்க முடியாது. அவசர மருத்துவப் பயணம், மரணம், முடியப்போகும் வேலை விசா ஆகியவற்றுக்குத் திகதியே கேட்கக் கூடாது. கடிதத்தைக் காட்டினால் அன்றே ஏற்க வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் வரிசை இருக்கத்தான் போகிறது. அதுவரை வாசலில் நிழல், தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். இதை அறிக்கையில் எழுத வேண்டியிருப்பதே வெட்கம்.

வெளிநாட்டிலுள்ள இலங்கைத் தூதரகங்களுக்கும் துணைத் தூதரகங்களுக்கும் இதையே கேட்கிறோம். அங்கே விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து நிற்பவர் பெரும்பாலும் நாட்சம்பளக்காரர். அவர் கொடுக்கும் விண்ணப்பமும் கடைசியில் பத்தரமுல்லைக்கே போகிறது. அவரை வாசலில் காக்கவைப்பதால் அந்தப் பயணம் ஒரு நாள்கூடக் குறையாது.

முந்திப் போகும் எவரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. இந்த முறை மாறும்வரை எங்களிடம் கேட்பவர்களுக்கு உண்மையைத்தான் சொல்வோம்: வரிசை இருக்கும் நாளில் விடிவதற்கு முன்பே போங்கள். முதல் கோரிக்கையாக, மறுநாளைக்கு எத்தனை டோக்கன் மீதமிருக்கிறது என்பதை ஒவ்வொரு கிளையும் மாலை நான்கு மணிக்கு வாசலிலும் இணையத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டட்டும். அதற்குச் சட்டமோ கேள்விப்பத்திரமோ தேவையில்லை; ஒரு தாள் போதும்.